லீவுக்கு வைத்த பல்

1

போன வாரம் ஊரிலிருந்து அக்கா ரெஜினா கூப்பிட்டாள். சுகமா, சாப்பிட்டியா என்ற பேச்செல்லாம் அவளிடம் கிடையாது. எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"எட்டி செலின், லீவு எப்பம் போட்டிருக்க? பல்லு டாக்டருகிட்ட இப்பமே சொல்லி வைக்கணும். கல்ஃப்காரிய எல்லாம் ஒண்ணு போல ஒரே மாசந்தான வாறிய. பொறவு டோக்கன் கெடைக்கல்லன்னு எனக்க உயிர எடுக்கப்பிடாது."

வளைகுடாவில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊரில் இருக்கிறவர்களுக்காகச் சொல்லுகிறேன். நாங்கள் பல்லை லீவுக்கு வைத்திருப்போம். பல் மட்டுமில்லை, கண்ணாடி மாற்றுவது, முழங்காலைக் காட்டுவது, மாமியாரோடு போட வேண்டிய சண்டை எல்லாமே லீவுக்குத்தான். ஆனால் பல்தான் முதலில் வரும். இங்கே எங்களைப் போன்றவர்களின் இன்சூரன்ஸ் அட்டையில் பல் உடம்போடு சேர்த்தி இல்லை. காய்ச்சல் உண்டு, வயிற்றுவலி உண்டு, காதுவலிகூட உண்டு. தாடைக்கு வந்ததும் அட்டை நின்றுவிடும்.

ஆகவே வலித்தால் கிராம்பு. கிராம்புக்கு அடங்காவிட்டால் பார்மசியில் ஒரு மாத்திரை. அதற்கும் அடங்காவிட்டால் மறு பக்கத்தால் மெல்லப் பழகிக்கொள்வது. எனக்கு வலது கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று இப்படி லீவுக்குக் காத்திருக்கிறது. இடது பக்கத்தால் மென்று மென்று எனக்கு வலது பக்கம் ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. அக்காவிடம் "பொறவு சொல்லுதேன்" என்று போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு என் மனசு முழுவதும் இன்னொரு பல்லின் மேல் இருந்தது. மறுநாள் காலை அந்தப் பல்லை எடுக்க வேண்டும். எடுக்கும்போது தாடை எலும்பு உடைந்துவிட்டால் அந்த உயிர் அவ்வளவுதான்.

அந்தப் பல்லின் சொந்தக்காரி ஓர் அல்பாகா.

2

அல்பாகா என்று சொன்னதும் ஊரில் எல்லோரும் கேட்கிற கேள்வி, அது ஆடா ஒட்டகமா என்பது. ஒட்டகத்துக்குச் சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊர் தென்னமெரிக்கக் குளிர்மலை. ஆட்டைவிடக் கொஞ்சம் உயரம், நீண்ட கழுத்து, உடம்பெல்லாம் பஞ்சு, மைபோட்ட மாதிரி பெரிய கண். கோபம் வந்தால் துப்பும். இதற்குப் பெரிய அண்ணன் லாமா, அது இன்னும் குறிபார்த்துத் துப்பும். இரண்டிடமும் வாங்கியவள் என்ற முறையில் சொல்லுகிறேன்.

குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரி, அமீரகத்து அல் ஐனில் அல்பாகாவுக்கு எப்படி நர்ஸ் ஆனாள் என்று கேட்பீர்கள். நான் நாகர்கோவிலில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குக் கை உதவியாக நின்றவள். கல்யாணமாகி இங்கே வந்ததும் அதே வேலைக்குப் போகலாம் என்று சான்றிதழ்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். சென்னையில் ஒரு முத்திரை, டில்லியில் ஒரு முத்திரை, தூதரகத்தில் ஒரு முத்திரை, இங்கே வந்து இன்னொரு முத்திரை. எல்லாம் குத்தி முடித்த பிறகு, நான் படித்த நிறுவனமே மூடிப்போனதால் உறுதிப்படுத்த ஆளில்லை என்றார்கள். இருக்கிற நான் போதாது, இல்லாத நிறுவனம் வந்து சொல்ல வேண்டுமாம். கவுண்டரில் இருந்த பெண் சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். எனக்குத்தான் அங்கேயே எதையாவது தூக்கி எறியலாம் போலிருந்தது.

விலங்கு ஆஸ்பத்திரியில் அவ்வளவு முத்திரை கேட்கவில்லை. ஊசி பிடிக்கத் தெரியுமா, ரத்தம் பார்த்தால் மயங்குவாயா என்று கேட்டார் டாக்டர் ஹாஷிம். சூடான்காரர், ஒட்டகங்களோடு வளர்ந்தவர், குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்றிலிருந்து அவரிடம்தான் வேலை. ஒட்டகம், குதிரை, பால்கன் பறவை, அவ்வப்போது அர்பாப்மார், அதாவது இங்கத்து முதலாளிமார், ஆசைக்கு வளர்க்கும் இந்த மாதிரி வெளிநாட்டுப் பிராணிகள். ஊரில் அக்கா என்னை "ஒட்டகத்துக்குப் பல்லு பிடுங்குதவ" என்றுதான் அறிமுகப்படுத்துகிறாள். பொய்யில்லை என்பதால் சண்டைக்கும் போக முடியவில்லை.

3

ஜபல் ஹஃபீத் மலைக்கு இந்தப் பக்கம் ஒரு பண்ணை இருக்கிறது. அதன் அர்பாப் தன் மகளுக்காக இரண்டு வெள்ளை அல்பாகாக்களை வரவழைத்திருந்தார். ஒருத்தி பெயர் தல்ஜா, பனி என்று அர்த்தம். இன்னொருத்தி குத்னா, பருத்தி. இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல் இருக்கும். காதில் அடையாள வில்லை குத்த அந்தப் பிள்ளை சம்மதிக்கவில்லை. தோலுக்கடியில் சிப் வைப்பதையும் அப்புறம் அப்புறம் என்று தள்ளியிருந்தார்கள்.

இவற்றைப் பார்த்துக்கொள்கிறவன் முனியசாமி, ராமநாதபுரம் பக்கம். அல்பாகாக் கொட்டகையில் இரவும் பகலும் ஏ.சி. ஓடும். அதை ஒட்டின, ஃபேன் மட்டும் உள்ள அறையில்தான் அவன் படுக்கை. அந்த ஏ.சி. நின்றால் அரை மணியில் ஆள் வருவதாகச் சொல்லுவான். பெருமையாகத்தான் சொல்லுவான். நான்தான் பல்லைக் கடித்துக்கொள்வேன், அதுவும் இடது பக்கத்துப் பல்லை.

ஒரு நாள் அவனே எனக்குப் போன் செய்தான்.

"அக்கா, தல்ஜா ஒரு பக்கமாவே மெல்லுதுக்கா. திங்கிறது திங்கத்தான் செய்யிது. ஆனா அசை போடயில தலையச் சாய்ச்சுக்கிருது."

"திங்குதுல்லா? பொறவென்ன?"

"இல்லக்கா, வலிக்கிது அதுக்கு. ஒருக்கா வந்து பாருங்க."

போனோம். மேலுக்கு ஒன்றும் தெரியவில்லை, முகமெல்லாம் பஞ்சு. டாக்டர் விரலைப் பஞ்சுக்குள் விட்டுத் தாடையின் அடி விளிம்பை மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார். என் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். கல் மாதிரி கெட்டியாக, பாக்கு அளவில் ஒரு வீக்கம். எக்ஸ்ரேயில் கடைவாய்ப் பல்லின் வேர் அடியில் சீழ் கோத்து, சுற்றியிருந்த எலும்பைத் தின்றுகொண்டிருந்தது. முரட்டு வைக்கோலின் முனை ஈறில் குத்தினால்கூட அந்த வழியே கிருமி இறங்கிவிடும் என்றார். லாமாவுக்கும் அல்பாகாவுக்கும் இது அடிக்கடி வருகிற நோய்தான். ஆனால் பெரும்பாலும் தெரிய வரும்போது பிந்திப்போயிருக்கும்.

"ஏன் டாக்டர், இவ்வளவு வலிக்குமே, அது கத்தாதா?" என்று கேட்டேன்.

"கத்தாது. கூட்டத்தில் எது நோயாளி என்று காட்டிக்கொள்கிறதோ அதைத்தான் மலைச்சிறுத்தை பிடிக்கும். அதனால் தின்பதுபோலவே நிற்கும். மெலிந்த பிறகுதான் நமக்குத் தெரியும்" என்றார்.

முனியசாமி தலையில் சுற்றிய துண்டை மூக்கு வரை இழுத்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான். இங்கே புழுதிக்கு எல்லோரும் அப்படித்தான் கட்டுவார்கள். டாக்டர் சொன்னதை அவனுக்குத் தமிழில் சொன்னேன். "ஆமாக்கா, அப்படித்தான்" என்றான், ஏதோ தனக்குத் தெரிந்த ஆளைப் பற்றிப் பேசுவதுபோல.

தினமும் ஊசி போடச் சொல்லி ஆரம்பித்தோம். குணம் தெரியாவிட்டால் பல்லை எடுப்பது என்று முடிவு. எது எது என்று எனக்கும் டாக்டருக்கும் குழம்பக் கூடாதே. தல்ஜாவின் கழுத்தில் முனியசாமி ஒரு கறுப்புக் கயிறு கட்டியிருந்தான், திருஷ்டிக்கு. அர்பாப் வீட்டிலும் அதற்கு மறுப்பில்லை, கண்ணேறு அவர்களுக்கும் உண்டு. "கயிறு கெட்டினதாக்கும் சீக்காளி" என்று டாக்டரிடம் சொல்லிவைத்தேன். அவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

4

என் மகள் ஷைனிக்குப் பதினாறு முடியப்போகிறது. பிறந்தது மட்டும்தான் நாகர்கோவில். அல்பாகாவின் படத்தைப் போனில் காட்டினால் "மம்மி, சோ க்யூட்!" என்பாள். அதன் சீழ் நாற்றத்தோடு நான் வீட்டுக்குள் வந்தால் "ப்ளீஸ், ஷவர் ஃபர்ஸ்ட்" என்று கதவுக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவாள். தமிழில் திட்டினால் புரிகிறது. தமிழில் கொஞ்சினால் சிரிக்கிறாள். நான் "லீவுக்குப் போகையில" என்று ஆரம்பித்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவளுக்கு அது வெக்கேஷன், அதுவும் வைஃபை சரியில்லாத வெக்கேஷன்.

அவள் பல்லுக்கு மட்டும் இங்கேயே கம்பி போட்டோம். மாதாமாதம் முறுக்க வேண்டும், லீவுக்கு நிறுத்திவைக்க முடியாது என்று என் வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நின்றார். ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை அந்தக் கம்பிகளுக்கு இடையில் பிரஷ் விட்டுக்கொண்டே கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"மம்மி, உனக்குப் பெயின் இருக்கு, ரைட்? நீ சூயிங் ஒன் சைட் மட்டும்."

"லீவுக்குப் போய்க் காட்டணும்."

"ஒய்? டீத் இங்கதான இருக்கு?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உனக்கென்ன தெரியும், உன்னை வளர்க்க நாங்கள் எதையெல்லாம் தள்ளிவைத்தோம் என்று கத்தினேன். அவள் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கத்தினதில் எனக்குப் பல்வலி கூடிப்போனது. கிராம்பைத் தேடினால் டப்பா காலி.

5

மறுநாள் காலை பிக்கப் வந்து நின்றது. இரண்டையும் ஒன்றாகத்தான் ஏற்றி வரச் சொல்லியிருந்தோம். அல்பாகாவைத் தனியாகக் கொண்டுவந்தால் பயத்திலேயே பாதி உயிர் போய்விடும், துணை பக்கத்தில் நிற்க வேண்டும். நோயாளிக்கு மட்டும் முந்தின நாளிலிருந்து தீனி நிறுத்தியிருந்தான் முனியசாமி. மயக்கத்தில் வயிற்றில் இருப்பது எதுக்களித்து வந்து மூச்சுக்குழலில் இறங்கினால் பிழைக்காது.

அர்பாப் காலையிலிருந்தே டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். மகள் அழுகிறாளாம், பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறாளாம். தாடை உடைய வாய்ப்பு உண்டா என்று மூன்றாவது முறையாகக் கேட்டார். உண்டு என்று மூன்றாவது முறையாகச் சொன்னார் டாக்டர்.

உள்ளே கொண்டுவந்ததும் முனியசாமி, "ஊசி போடுறதப் பாக்க மாட்டேங்க்கா, வெளிய நிக்கிறேன்" என்று போய்விட்டான். துண்டுக்கு மேலே தெரிந்த கண்கள் சிவந்திருந்தன. அழுதிருக்கிறான் என்று நினைத்தேன்.

கறுப்புக் கயிறு கட்டியதைப் பிடித்து மயக்க ஊசியைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் முன்கால் மடிந்து, பின்கால் மடிந்து, தலை தொங்க உட்கார்ந்தது. பிலிப்பைன்ஸ்காரி நர்ஸ் ஒருத்தி மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தாள். நான் மெஷினை எடுத்துத் தாடைப் பஞ்சை வழித்தேன். வழிக்க வழிக்க வெள்ளைச் சுருள் தரையில் விழுந்தது. ரோஜா நிறத்தில் தோல் தெரிந்தது.

வீக்கம் இல்லை.

விரலால் தடவினேன். வழுவழுவென்றிருந்தது. இன்னொரு பக்கம் தடவினேன், அங்கேயும் இல்லை. என் மாதாவே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ஊசி கேட்டிருக்கிறது, கரைந்துவிட்டது, வெட்டவே வேண்டாம்! டாக்டரைக் கூப்பிட்டேன். அவரும் தடவிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அர்பாபின் போன். டாக்டர் ஸ்பீக்கரில் போட்டு, வீக்கம் தெரியவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். மறுமுனையில் "அல்ஹம்துலில்லாஹ்! கலாஸ், வெட்ட வேண்டாம், வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்" என்று சத்தம். பின்னால் அந்தப் பிள்ளை துள்ளுவதும் கேட்டது.

டாக்டர் போனை வைத்துவிட்டு அப்படியே நின்றார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"செலின், எலும்பு அரித்திருந்ததே. எலும்பு இவ்வளவு சீக்கிரம் வளராது" என்றார்.

நான் உடனே குனிந்து அதன் வாயருகே மூக்கை வைத்தேன். நாகர்கோவிலில் எத்தனையோ வாய்களுக்கு மேலே குனிந்து நின்றவள் நான், சீழ்ப் பல்லின் நாற்றம் எனக்குச் சாகும்வரை மறக்காது. இந்த வாயில் புல் மணம்தான் இருந்தது, பச்சைப் புல் மணம். பட்டினி கிடந்த வாயில் பச்சைப் புல் எப்படி மணக்கும்?

மூலையில் நின்ற மற்றதிடம் ஓடினேன். பஞ்சுக்குள் விரலை விட்டேன். தாடையின் அடி விளிம்பில், கல் மாதிரி, பாக்கு அளவில், அதே இடத்தில் இருந்தது. அது என்னைப் பார்த்து ம்ம்ம் என்று முனகியது.

"முனியசாமீ!"

நான் போட்ட சத்தத்தில் அவன் ஓடிவந்தான். துண்டும் சட்டைக் காலரும் நனைந்திருந்தன. படுத்திருந்ததைப் பார்த்தான், வழித்த தாடையைப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று.

"அய்யோ அக்கா, இது குத்னாக்கா! இவ காலைல ஜத்துப் புல்லு வயிறு முட்டத் தின்னவக்கா!"

"கயிறு இதுக்க கழுத்துல எப்பிடி வந்துது?"

"நாந்தேன் மாத்திக் கட்டுனேன். தல்ஜாவுக்கு நோவு வந்தது வந்துருச்சு. வண்டியில ஏத்தயில எல்லாப் பயலும் நின்னு இவளயே பாத்தாய்ங்க. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதும்பாக. இவளயாச்சும் காப்பாத்துவோம்னு..."

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசினேன் என்று எழுத முடியாது, கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குத்தான் அது ஆகும். டாக்டர் ஒரு கையைத் தூக்கினார், அவ்வளவுதான். எல்லோரும் நிமிர்ந்தோம். குத்னாவைச் சாய விடாமல் நெஞ்சின் மேல் நிமிர்த்தி உட்கார வைத்து, இரண்டு பக்கமும் மணல் மூட்டை கொடுத்தோம். தலை மட்டும் தொங்காமல் யாராவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முனியசாமி தரையில் உட்கார்ந்து அதன் கழுத்தைத் தன் தோளில் தாங்கிக்கொண்டான். ஒரு தடவை பச்சையாகக் கொஞ்சம் எதுக்களித்து வந்தது. மூக்கைத் தாழ்த்திப் பிடி, தாழ்த்திப் பிடி என்று நாங்கள் கத்த, அவன் தாழ்த்தினான். தரையில் வழிந்தது. மூச்சு நிற்கவில்லை.

டாக்டர் அர்பாபுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். மறைக்கவில்லை. மறுமுனையில் "நான் வருகிறேன். நீங்கள் வேலையை ஆரம்பியுங்கள்" என்று மட்டும் கேட்டது.

6

தல்ஜாவின் தாடையை வெளிப்பக்கமாகத் திறந்துதான் பல்லை எடுத்தோம். சீழ் வெளியே வந்ததும் அறை முழுவதும் அந்த நாற்றம். பல் முழுசாக வரவில்லை, துண்டு துண்டாகத்தான் வந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் டாக்டர் கையை நிறுத்தி, எலும்பை விரலால் தொட்டுப் பார்த்து, மறுபடி தொடங்கினார். கடைசி வேரை நெம்பும்போது ஒரு சத்தம் கேட்டது. எலும்பா பல்லா என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது இடுக்கியின் நுனியில் வேர் இருந்தது. தாடை அப்படியே இருந்தது.

தல்ஜா தலை தூக்கும்போது குத்னாவுக்கு மயக்கம் நன்றாகத் தெளிந்திருந்தது. அது தள்ளாடி எழுந்துபோய்த் தல்ஜாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. இரண்டுக்கும் தாடை வழித்திருந்தது, ஒன்றுக்குத்தான் தையல்.

முனியசாமி தரையைவிட்டு எழுந்திருக்கவில்லை. பச்சை வாந்தி அவன் துண்டிலெல்லாம் வழிந்திருந்தது. "துண்ட மாத்து, நாறுது" என்று நான் அதைப் பிடித்து இழுத்தேன். "வேணாங்க்கா" என்று பிடித்துக்கொண்டான். ஏற்கெனவே எரிச்சலில் இருந்தவள் நான். ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன்.

அவன் முகத்தின் ஒரு பாதி இன்னொருவனுடையது மாதிரி இருந்தது. இடது தாடை வீங்கிப் பளபளவென்று தோல் இழுத்துக்கொண்டிருந்தது. நான் யோசிக்கவே இல்லை, காலையிலிருந்து பழகிய கை, அது பாட்டுக்குப் போய்த் தாடையின் அடி விளிம்பைத் தொட்டுவிட்டது. கொதித்தது. வீக்கம் கழுத்துப் பக்கம் இறங்கத் தொடங்கியிருந்தது.

"எப்பந்தொட்டு இப்படி?"

"கொஞ்ச நாளாத்தேன்."

"இதுக்குப் பாக்கப் போவல்லியா?"

"லீவு வருதுல்லக்கா. அஞ்சு மாசந்தான?"

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. தல்ஜா ஒரு பக்கமாக மெல்லுகிறது என்பது இவனுக்கு எப்படி முதலில் தெரிந்தது, காலையில் கண் ஏன் சிவந்திருந்தது, ஊசி போடும் நேரத்தில் வெளியே போனவன் துண்டும் காலரும் நனைய, குழாயடியில் கன்னத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றிருக்கிறான் என்பதெல்லாம். பல் ஆஸ்பத்திரியில் நின்றவள் நான். மனிதருக்கும் இந்தச் சீழ் கழுத்துக்குள் இறங்கினால் மூச்சை அடைத்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

"உங்க அர்பாப் இப்பம் வருவாரு. அவருகிட்ட நான் சொல்லப் போறேன்."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன். இன்னைக்கு வேணாம். கயித்த மாத்திக் கட்டி இம்புட்டு வெனையாகிக் கெடக்கு. இதுல சீக்கும் தெரிஞ்சா கேன்சல் பண்ணி ஏத்திவிட்ருவாரு. முன்னால இருந்தவன அப்படித்தேன் அனுப்புனாய்ங்க."

கேன்சல் என்றால் விசா கேன்சல். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த மலைச்சிறுத்தை அதுதான்.

சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசித்திருக்க வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது. அர்பாப் உள்ளே வந்து, இரண்டு அல்பாகாக்களையும் தொட்டுப் பார்த்து, நீண்ட மூச்சு விட்டுத் திரும்பியதும், முனியசாமியின் துண்டைப் பிடுங்கிய அதே கையால் அவன் முகத்தைக் காட்டிவிட்டேன். எனக்குத் தெரிந்த அரபியில் பாதியும் டாக்டரின் உதவியில் பாதியுமாகச் சொன்னேன். முனியசாமி "மாஃபி முஷ்கில், மாஃபி முஷ்கில்" என்று குறுக்கே பேசிக்கொண்டே இருந்தான். ஒன்றும் பிரச்சினையில்லையாம். வாயை முழுசாகத் திறக்க முடியாமல் அதைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அர்பாப் அவனையே பார்த்தார். பிறகு டாக்டரிடம் ஏதோ கேட்டார். டாக்டர் அதை எனக்கு ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் கேட்டேன்.

"அல்பாகாவுக்கு வலின்னதும் ஒடனே போன் பண்ணினியே, ஒனக்கு வலின்னா ஏன் பண்ணல்லன்னு கேக்குதாரு."

முனியசாமி என்னைத்தான் பார்த்தான்.

"அது அவரோட பல்லுக்கா. இது எம் பல்லுல்ல?"

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அர்பாப் அவனைப் பார்த்து, "இப்போதே போய்க் காட்டு. மற்றதை அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனார். இந்த ஊரில் அப்புறம் என்ற வார்த்தைக்குள் என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. முனியசாமியின் முகத்தில் மிச்சம் இருந்த ரத்தமும் வடிந்துவிட்டது.

7

தனியாகப் போக மாட்டேன் என்று குழந்தை மாதிரி நின்றான். கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், ஆங்கிலத்தில் கேட்பார்கள், மயக்க ஊசி போட்டால் எழுந்திருப்பேனா என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். நான் டாக்டரிடம் சொல்லிவிட்டு அவனோடு ஏறிக்கொண்டேன்.

டவுனில் ஒரு பல் ஆஸ்பத்திரி. கண்ணாடிக் கதவு, குளிர்ந்த அறை, மூக்கில் ஏறிய அந்த மருந்து மணம். எத்தனை வருஷம் நான் நின்ற மணம் அது. கதவுக்கு உள்ளேயிருந்து மெஷின் சத்தம் கேட்டதும் முனியசாமி இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டான்.

"கேன்சல் ஆகுமாக்கா?"

"எனக்குத் தெரியாது."

"பொய்க்காச்சும் ஆகாதுன்னு சொல்லுங்க."

"பொய் சொல்ல மாட்டேன். கழுத்துக்கு எறங்குனா ஆளே இருக்க மாட்ட. இருந்தாத்தான கேன்சல் பண்ணுவான்?"

அதற்கு அவன் சிரித்தான். சிரித்ததும் வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். எனக்கும் சிரிப்பு வந்தது. எனக்கும் வலித்தது. நானும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன். காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன், அதுவும் எந்தப் பக்கம் என்று பார்க்காமல். போனில் ஷைனி ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். முந்தின நாள் சண்டைக்குப் பிறகு வந்த முதல் செய்தி. அல்பாகா பிழைத்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டு, அதற்குக் கீழே, அம்மாவுக்கு இப்பவும் வலிக்குதா என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக எழுதியிருந்தாள்.

ரிசப்ஷனில் இருந்த மலையாளிப் பெண் எழுந்து எங்களைப் பார்த்தாள். ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து, ஆளுக்கொரு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குக் குழப்பமாக இருந்திருக்க வேண்டும்.

"சேச்சி, இதில் பேஷன்ட் ஆரா?"

"ரெண்டு பேரும்தான்" என்றேன். "மொதல்ல அவன எடுங்க."